இருவர் விட்ட புகை

உயிர் பிரிந்த வாப்பாவின் தாடையைத் துணியால் சுற்றி உச்சியில் முடிச்சிட்டுக்கொண்டிருந்தாள் சபுரா. அப்போதுதான் வாசலில் சின்ன மாமாவின் குரல் உயர்ந்தது.

"மீசை முளைச்ச நாள்லேர்ந்து சுருட்டுக் குடிச்ச நெஞ்சு. திடீர்னு நிறுத்தினா தாங்குமா? நீதான் அவரைக் கொண்டுபோயிட்டே."

பக்கத்து வீட்டுச் சீனத் தகரக்கொல்லன் ஆ சோங்குக்குப் புரியவேண்டுமென்றே மலாயில் சொன்னார். அவன் தலை குனிந்து நின்றான்.

அபினை விடச் சொல்லி மலாக்கா முழுக்கப் பேச்சாயிருந்த வருசம் அவனுக்கும் வாப்பாவுக்கும் நெருக்கம் தொடங்கியது. சர்க்கார் குத்தகைக்கு விட்ட அபின் கடையில் ஆ சோங்கின் கூலியெல்லாம் புகையாய்ப் போய், பெண்டாட்டியும் பிள்ளையோடு தாய்வீடு போய்விட்டாள். அபினை மறக்கடிக்க ஏதோ காட்டுக்கொடி இலையைக் காய்ச்சி, சீனர் சங்கத்தில் இலவசமாய்க் கொடுத்தார்கள். வாப்பாதான் அவனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். உதறலும் வாந்தியுமாய்க் கிடந்தவனை காஜா பெராங் தெருவிலிருந்த தன் வீட்டு முன்கூடத்திலேயே படுக்கவைத்தார்.

"நீங்க மட்டும் குடிக்கிறீங்களே!" என்று ஒருநாள் அவன் சீறினான்.

வாப்பா வாயிலிருந்த சுருட்டை எடுத்து நசுக்கினார். "சரி. நானும் விட்டுட்டேன்."

அன்றிலிருந்து, ஏக்கம் தலைக்கேறினால் ஒருவர் வேலியோரம் வந்து மற்றவரைக் கூப்பிடுவார். சாயங்காலங்களில் இருவரும் கிராம்பை மென்றபடி உட்கார்ந்திருப்பார்கள். ஆ சோங்கின் பெண்டாட்டி திரும்பி வந்தாள்.

சபுரா வாசலுக்கு வந்தாள்.

"மாமா, ரத்தம் ரத்தமா இருமுனது சுருட்டு குடிக்கிறப்பவே. உம்மாகிட்டகூடச் சொல்லாம மறைச்சாரு. நேத்து காலையில கஞ்சியக் குடிச்சிட்டு, 'வெந்தயம் மணக்குதே புள்ள'ன்னாரு. இத்தனை வருசமா அதே கஞ்சிதான் மாமா காய்ச்சுறேன். சுருட்டு குடிச்சவரைக்கும் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்ல."

பிறகு ஆ சோங்கிடம் திரும்பி அதையே மலாயில் சொன்னாள். மணம் என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். மாமா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

வாப்பாவைச் சுமந்துகொண்டு சந்தூக் புறப்பட்டபோது ஆ சோங் கடைசி ஆளாய்ப் பின்னால் போனான்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார்கள். புகை முற்றமெங்கும் மிதந்தது. ஆ சோங் வேலியோரம் போய் நின்றான். யாரையோ கூப்பிட வாயெடுத்தவன், மூடிக்கொண்டான்.

பிறகு கொல்லைப்புறம் போய்க் கிணற்றில் நீரிறைத்து, கால் கழுவ வைத்திருந்த தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தான்.

தொட்டி நிறைந்தது. அவன் நிறுத்தவில்லை. விளிம்பு வழிந்து, நீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வாழைக் கன்றுகளை நோக்கி ஓடியது.

பின்வாசல் படியில் நின்றிருந்த சபுரா, உள்ளே போய் ஒரு பிடி கிராம்பை எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள்.