பிண வண்டிக்காரர் வீட்டு ரோஜா சர்பத்

அந்தக் கோடையில் நிழல்களே வெயில் தாங்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அப்போதும் பிண வண்டி டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வாய்த் தண்ணீர் கேட்பார் இல்லை. தெருவில் எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள். தம்ளரை நீட்டினால் மட்டும் அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

அவர் மனைவிக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் எதிர்வீட்டுத் தையல்காரி தானாகவே, "அக்கா, சாயங்காலம் வரேன், ஜில்லுனு ஏதாவது குடுங்க" என்றபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோஜா வாங்கி, இதழ் ஆய்ந்து, அலசி, சர்க்கரைப் பாகில் போட்டு, அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு எலுமிச்சம்பழத்துக்கு ஓடினாள்.

டிரைவர் மூடியைத் திறந்தார். பாகு சோகை பிடித்துக் கிடந்தது. வீட்டுக்கு முதன்முதலாக ஒருத்தி வருகிறாள், இதையா கொடுப்பது? வண்டியில் மலர்வளையத்திலிருந்து உதிர்ந்த ரோஜா குவிந்திருந்தது. காலமெல்லாம் அந்த வாசனையிலேயே கிடந்தவருக்கு அது வெறும் பூ. அள்ளிவந்து போட்டார். பாகு ஜோராய்ச் சிவந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் தையல்காரி வந்து உட்கார்ந்தாள். மனைவி வடிகட்டிய சர்பத்தில் ஐஸ் போட்டு நீட்டினாள்.

"என்ன நிறம்க்கா!"

"பின்னே? சுத்தமான பூ. மலர்வளையத்துல கட்டுற பூவுக்குத்தான் சாயமும் பூச்சிமருந்தும் அடிப்பாங்களாம். பூக்காரர் சொன்னாரு."

தம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் டிரைவர் பாய்ந்து பிடுங்கிக் கொட்டினார்.

"ஈ விழுந்திருச்சும்மா."

"அதுக்கென்ன, இன்னொண்ணு ஊத்துறேன்" என்று மனைவி ஜாடியைத் தூக்கினாள். அதையும் பிடுங்கிக் கவிழ்த்தார்.

"அதுலயுமாண்ணே ஈ?"

உண்மையைச் சொன்னால் மனைவி இனித் தெருவில் தலைகாட்ட முடியாது.

"குடுக்க மனசில்லன்னா வராதன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்க்கா. ஊரே வேணாம்னுச்சு, நான்தான் கேக்காம வந்தேன்." தையல்காரி எழுந்து போய்விட்டாள்.

அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் டிரைவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் தரையில் ஓடிய சிவப்பைப் பழந்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

டிரைவர், "கொஞ்சம் தண்ணி குடேன்" என்றார்.

"நீங்களே மோந்து குடிங்க" என்றாள், நிமிராமல்.