பந்தி முடிந்து வருபவர்

என் நன்னா, அம்மாவைப் பெற்ற அத்தா, பீர் முகமது பச்சைத்தோல் வியாபாரி. ஆட்டுக்கறிக் கடைகளில் தோலை வாங்கி, உப்புத் தடவிக் கட்டி, பஸ் மேலே ஏற்றி, திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குக் கொண்டுவந்து போடுபவர். நான் எழுதியதில் இந்த இடத்தைத்தான் அம்மாவின் தம்பி யாசின் மாமு முதலில் அடித்தார்.

“தோல் துறை முன்னோடினு போடு மாப்ளே.”

நன்னா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மாமு மஹால் பிடித்திருந்தார். ஓதி, துஆ கேட்டு, சோறு போட்டு அனுப்பினால் முடிந்துபோகிற காரியம். மாமு வர்த்தகர் சங்கத் துணைத்தலைவர் என்பதால் நடுவில் ஒரு புகழுரையும் சேர்ந்துகொண்டது. வாசிப்பது அவர், எழுதுவது பத்திரிகைக்கு எழுதுகிற மருமகனாகிய நான்.

“கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம், நிலக்கோட்டைனு என்னலே பஸ் போர்டு மாதிரி எழுதிருக்க?”

“அங்கதான மாமு போனாரு.”

“கல்கத்தா போயிருக்காருல்ல. அகில இந்தியப் பயணினு போடு.”

கல்கத்தா போனது உண்மை. சரக்கோடு போனார். தோல் வாடைக்கு எந்த லாட்ஜிலும் அறை தரவில்லை. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், “கூரை நல்ல உசரம்” என்பார்.

நிலக்கோட்டை போனால் அம்மாவுக்கு மல்லிகை வரும். தோல்கட்டு பஸ் மேலே, பூப்பொட்டலம் டிரைவர் பக்கத்தில். பூவில் வாடை ஏறிவிடக்கூடாது. இதையும் மாமு அடித்தார். முன்னோடிகள் பூ வாங்குவதில்லை போல.

“விசேஷ வீடுகளுக்குக் கடைசியாகத்தான் வருவார்” என்ற வரியில் மட்டும் பேனா செத்த நேரம் நின்றது.

“பணிச்சுமை காரணமாகனு சேத்துக்க.”

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “என்ன சுமைலே யாசினு? கட்டு பஸ் மேலதான வந்துச்சு.”

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் பேசாத கதை அது. அம்மாவின் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவது. நன்னா குளித்து, அத்தர் பூசி உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் தோல் ஊறிய கைக்கு அத்தர் என்ன செய்யும். ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். ஒருவர் யாரையோ பார்த்துவிட்டு வருவதாக எழுந்தார். மூன்றாமவர் காரணமும் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர் முழுத் தட்டுக்கு முன்னால் ஒற்றையாளாக இருந்தார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மாமு, கூட்டாளிகள் பார்க்கிறார்களே என்று குனிந்து சொன்னார்: “இனிமே பந்தி முடிஞ்சு வாங்கத்தா.”

அதன்பிறகு நன்னா அப்படியே வந்தார். மாமுவின் கல்யாணத்தன்றும் கன்னிவாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் போகவிட்டு, பந்தி முடிந்துதான் வந்தார். மாப்பிள்ளைக்கு அன்று முழுக்கக் கோபம். சொன்னதை அவர் மறந்திருந்தார்.

“எப்பவோ சின்னப்பயலா சொன்னதுக்கா,” என்றார் மாமு. “வாங்கனு ஒரு வார்த்த கூப்ட்டா வந்திருப்பாருக்கா.”

“நீ கூப்பிடலயேப்பா.”

கூப்பிடுவதற்கு அவருக்கு ஓர் ஆயுசு இருந்தது. இப்போது மஹால் இருந்தது.

மேடையில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். நன்னா கோட்டு சூட்டில் இருந்தார். கழுத்துக்கு மேலே அவர், கீழே யாரோ. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்ததும் ஓதுகிற இடத்தில் படம் கூடாது என்று திருப்பிவைக்கச் சொல்லிவிட்டார். முன்னோடி சுவரைப் பார்த்து நின்றார். மாமு கம்பீரமாகத்தான் வாசிக்க ஆரம்பித்தார். “விசேஷ வீடுகளுக்கு” என்பது வரை வந்தார். பிறகு பேப்பரை நாலாக மடித்தார்.

“துஆ கேளுங்க ஹஜ்ரத்.”

சங்கத்துக்காரர்களுக்குக் கைதட்டுவதா ஆமீன் சொல்வதா என்று குழப்பம். இரண்டையும் செய்தார்கள்.

மாமு எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. சம்பந்தி கையைப் பிடித்து இழுத்தபோதும், “பின்னாடி வாரேன்” என்றார். கடைசி ஆளும் போனபிறகு சமையல்கட்டிலிருந்து ஒரு சஹனைத் தானே தூக்கிவந்தார்.

“உக்காருலே. அக்கா, நீயும் வா.”

ஆறிப்போன பிரியாணி, தேக்சாவின் அடியில் சுரண்டியது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னாள். “இதத்தான் அத்தாவுக்கு எடுத்து வைப்பேன்.”

மூன்று பேரும் அவரவர் பக்கத்தைத்தான் சாப்பிட்டோம். நாலாவது பக்கம் கலையாமல் இருந்தது. மாமு தன் பக்கத்துக் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக அங்கே தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

பாத்திரம் எடுக்க வந்த சமையல்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னும் ஆள் வரணுமா பாய்? தட்ட எடுத்துரலாமா?”

“செத்த நேரம் இருக்கட்டும்,” என்றார் மாமு.