பூமாரி வீட்டுக் கழிப்பறை

காலை ஐந்தேமுக்காலுக்கு மாரீஸ்வரி பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பத்தொன்பது பெண்கள். பெண்கள் பக்கம் இருந்த ஆறு கதவுகளில் இரண்டு பல நாளாகப் பூட்டிக் கிடந்தன. தாராவியில் அவர்கள் சந்துக்கே சண்டாஸ் என்று சொல்லும் கழிப்பறை இது ஒன்றுதான். ஏழு மணிக்கு அவள் கிங்ஸ் சர்க்கிளில் முதல் வீட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, பாத்ரூம் கழுவுகிறாள்.

வரிசை நகராத அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து பூமாரியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பூமாரி அவளுடைய ஓரகத்தி. கணவன் கோமதிநாயகத்தின் தம்பி நாகராஜின் மனைவி. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அண்ணன் தம்பி இருவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிற வீட்டில் குடியிருக்கிறாள்.

"அக்கா, லிஸ்ட்டுல நம்ம பேரு வந்துட்டு. கவர்மெண்டே பணம் தருது, பொறவாசல்ல கக்கூஸ் கட்டப்போறோம். அத்தான் ஒரு சம்மதக் கடிதம் மட்டும் குடுக்கணுமாம். இனிமே ஓடைக்கரைக்குப் போக வேண்டாம்க்கா."

மாரீஸ்வரி அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பதில் அனுப்பவில்லை.

கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த இந்த இருபது வருஷமும் ஊரில் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. கோயில் கொடைக்குப் போனால் பெண்கள் அவள் புடவையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பூமாரி அவள் பக்கத்தில் நின்று அதிசயமாகப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே மாரீஸ்வரி இங்கே வயிற்றைக் கட்டிப் புதுப்புடவை வாங்கிக்கொண்டு போவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பூமாரி ஒரு வாரம் தாராவிக்கு வந்திருந்தபோதுதான் அந்த மதிப்பில் ஓட்டை விழுந்தது. வந்த மறுநாள் காலையில் கையில் வாளியோடு இந்த வரிசையில் நின்ற பூமாரி, இதற்குக்கூடவா அக்கா வரிசை என்று கேட்டாள். சூது வாது இல்லாமல்தான் கேட்டாள். ஆனால் மாரீஸ்வரிக்கு அது இன்னமும் குத்திக்கொண்டே இருந்தது.

இப்போது பூமாரிக்கு வீட்டோடு கழிப்பறை வரப்போகிறது, அதுவும் இனாமாக. கேட்டவளுக்கு வருகிறது, கேட்கப்பட்டவள் இன்னும் வாளியோடு நிற்கிறாள். அன்று முழுவதும் கிங்ஸ் சர்க்கிள் வீடுகளில் வெள்ளை டைல்ஸைத் தேய்க்கத் தேய்க்க மாரீஸ்வரிக்குள் ஏதோ எரிந்துகொண்டே இருந்தது. பூமாரி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது. கடிதம் பற்றிக் கணவனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாகராஜ் அண்ணனுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அண்ணனிடம் எதையும் நேராகக் கேட்டுப் பழகாதவன். மதினி சொல்லியிருப்பாள் என்று இருந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோமதிநாயகம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முடிவெட்டப் போயிருந்தான். போன் அடித்தது. ஊராட்சிச் செயலர் இசக்கிப்பாண்டி பேசினார். பட்டியலை அனுப்புகிற நேரம் வந்துவிட்டது, உங்கள் சம்மதம் மட்டும்தான் பாக்கி, ஆட்சேபணை ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

ஒரு நொடிதான். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் அவளுக்கு அந்த ஒரு நொடி கிடைத்தது.

"அவுக வீட்ல இல்ல. நான் அவுக வீட்டம்மா பேசுதேன். அந்த எடத்துல பாகப்பிரிவினைத் தகராறு இருக்கு. எங்களுக்குச் சம்மதம் இல்ல."

அழைப்பு வந்த தடயத்தையும் போனிலிருந்து அழித்துவிட்டாள். மனசுக்குள் குளிர்ந்ததுபோல் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பட்டியலிலிருந்து பூமாரியின் பெயர் போயிற்று. தம்பி சண்டை போடவில்லை; வாராவாரம் வருகிற அவனுடைய போன் மட்டும் நின்றது. தோல் பைகள் தைக்கும் பட்டறையில் வேலை முடித்து வரும் கோமதிநாயகம், நாகராஜுக்கு என்னவாயிற்று, நான் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறானே என்று தினமும் கேட்டான். அவனுக்கு வேலை இருக்கும் என்றாள் மாரீஸ்வரி. முதலில் இருந்த குளிர்ச்சி ஒரு வாரத்திலேயே போய்விட்டது. வரிசை அதே நீளத்தில்தான் இருந்தது.

மழை விட்டு, புரட்டாசியில் பம்பாய் மறுபடியும் காய்ந்தது. ஒரு மத்தியானம், கிங்ஸ் சர்க்கிளில் இரண்டாவது வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது மாரீஸ்வரிக்கு முதுகுக்குக் கீழே வெட்டி இழுத்தது. குளிர் வந்து பல் கிட்டியது. அந்த வீட்டு அம்மாதான் டாக்ஸி பிடித்து அனுப்பினாள்.

தாராவியில் சின்ன கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் சைனப் அவளைச் சோதித்துவிட்டு, சிறுநீர்த் தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கிறது என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று இந்தியில் கேட்டார். மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் ஒரு டீ. பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகு ஒரு செம்பு. குடித்தால் போக வேண்டி வரும். மூன்று வீடுகளிலுமாக ஐந்து பாத்ரூம்களைக் கழுவுகிறவளுக்கு அவற்றில் ஒன்றில் போய்விட்டு வரலாம் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. தன்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள் என்றார் டாக்டர். மாத்திரையோடு தண்ணீரும் மருந்துதான் என்று கண்டித்து அனுப்பினார்.

நாலாம் நாள் பூமாரி போன் செய்தாள். யார் சொல்லியோ தெரிந்திருக்கிறது. மாரீஸ்வரி எடுக்க யோசித்தாள், பிறகு எடுத்தாள். பூமாரி கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தண்ணி நெறையக் குடிங்கக்கா. எனக்கும் வைகாசியில இதே மாதிரிதான் வந்துச்சு. விடியுமுன்ன ஓடைக்கரைக்குப் போனா, பொறவு இருட்டுனாத்தான் போக முடியும். பகல்ல வந்துருமோன்னு தண்ணியே குடிக்கது இல்ல. இப்ப மவளும் வயசுக்கு வந்துட்டா. அவளும் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி பாட்டில் கொண்டு போவமாட்டேங்கா."

தன் முதுகில் வெட்டுகிற அதே வலி, ஆயிரம் மைலுக்கு அப்பால் பூமாரியின் முதுகிலும் வெட்டியிருக்கிறது. பம்பாய்க்காரி என்றும் பட்டிக்காட்டாள் என்றும் அந்த வலி பிரித்துப் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கும் பூமாரியைத்தான் இத்தனை நாளும் அவள் மனசுக்குள் பார்த்து எரிந்திருந்தாள். தாகத்தை அடக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு நடக்கும் பூமாரியையும், அவள் பின்னால் போகும் பெண்ணையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.

சாயங்காலம் கோமதிநாயகம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்தவில்லை. தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் தள்ளி வைத்தான்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்னுல்லா என் தம்பி நெனச்சிக்கிட்டு இருக்கான்," என்றான். "கடிதத்த நான் நாளைக்கே அனுப்புதேன். ஆனா பூமாரிகிட்ட நீதான் சொல்லணும்."

அவள் சொன்னாள்.

"ஏங்க்கா அப்படிச் செஞ்சிய?" என்று கேட்டாள் பூமாரி.

"எனக்கு இல்லாதது ஒனக்கு வருதேன்னு பொறாமைடி. வேற ஒண்ணும் இல்ல."

சரிக்கா, வைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூமாரி போனை வைத்தாள்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த பட்டியலில்தான் சேர்க்க முடியும் என்றார் இசக்கிப்பாண்டி. அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் பூமாரியும் மகளும் குடை பிடித்துக்கொண்டு ஓடைக்கரைக்குத்தான் போனார்கள். டிவியில் தென்காசி மாவட்டத்தில் மழை என்று சொல்லும்போதெல்லாம் மாரீஸ்வரி எழுந்து வெளியே போய்விடுவாள். தை மாதம் உத்தரவு வந்தது. நாகராஜே மணல் சுமந்து, கொத்தனாரோடு நின்று கட்டி முடித்தான். இந்தத் தடவை பூமாரி மெசேஜ் ஒன்றும் அனுப்பவில்லை. மாரீஸ்வரிதான் கூச்சத்தை விட்டுப் போட்டோ கேட்டாள். ஒரு நாள் கழித்து வந்தது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்காக ஊருக்குப் போனார்கள். பூமாரி பழையபடி கலகலப்பாக இல்லை. என்றாலும் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்து, அக்கா நீங்கள் முதலில் போய்விட்டு வாருங்கள் என்றாள். அவள் மகள் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதை மாரீஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிரபாவதி அவளைத் தன் வாசலுக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, உங்கள் ஓரகத்திக்கு மட்டும் அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிறது என்றாள். கழிப்பறைக் குழி தன் சுவரை ஒட்டி வருகிறதென்று மனுக் கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். சுவருக்கும் குழிக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடம் இருந்தது. இருந்தாலும் அந்தக் குரலை மாரீஸ்வரிக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே பேசிய குரல் அது.

"பிரபா, அவ கக்கூஸ இடிச்சிட்டா ஒனக்கு ஒண்ணு மொளச்சிருமா? அவ திரும்பவும் ஓடைக்கரைக்குப் போவா, நீயும் கூடப் போவே," என்றாள் மாரீஸ்வரி. "மனு குடுக்கணும்னா எனக்கும் வேணும்னு குடு, நானே ஒன்கூட ஊராட்சி ஆபீசுக்கு வாரேன். அவளுக்கு வேண்டாம்னு மட்டும் குடுக்காத. நான் அப்படிச் சொல்லிப் பாத்தவ. எனக்கு ஒண்ணும் கெடைக்கல. ஒரு பொம்பளையும் அவ பிள்ளையும் மழக்காலம் பூரா நனஞ்சதுதான் மிச்சம்."