காதர் பாட்சா பூட்டிவைத்த சார்ஜ்

காதர் பாட்சாவுக்குக் காரைக்காலில் ‘எலக்ட்ரிக் பாய்’ என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதை அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். துபாயில் ஓர் எலக்ட்ரிக் கடையில் இரண்டு வருஷம் இருந்தார். இருந்தார் என்றால், காலையில் கடையைக் கூட்டினார், சாயங்காலமும் கூட்டினார், நடுவில் பெட்டிகளைத் தூசி தட்டினார். ஊருக்கு வந்து இறங்கிய அன்று யாரோ “என்ன வேலை பாய்?” என்று கேட்க, “எலக்ட்ரிக்” என்றார். பொய்யில்லை. ஆனால் மறுநாளே பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஃபேன் வந்துவிட்டது. பிரித்தார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. “உள்ள சுத்தியிருக்குற கம்பி, காயில், அது போச்சு” என்று சொல்லி அனுப்பினார். அதிலிருந்து ஊரில் எந்தச் சாமான் அவரிடம் வந்தாலும் காயில்தான் போயிருந்தது.

இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் ஜெகபர் சாதிக், எண்பத்து மூன்றாம் வருஷம், ஒரு டேப் ரெக்கார்டரை அனுப்பினார். ஜெகபர் சாதிக் காதரின் அக்கா நபீசாவின் புருஷன். பதினோரு வருஷமாகத் துபாயில். மகள் உம்மு சல்மாவுக்கு நிக்காஹ் குறித்தாயிற்று, அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுக்கும்படி தன் அண்ணன் அல்லா பிச்சைக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்த டேப் செட்டை மட்டும் காதரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்.

அதோடு கூட வந்தவைதான் அந்த நான்கு செல்கள். தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை, திரும்பச் சார்ஜ் போடலாம். சார்ஜ் போடத் தனியாக ஒரு பெட்டி, அதில் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு. காதர் தெருவையே கூட்டி விளக்கம் சொன்னார்.

“செல்லுக்குள்ள ரெண்டு கரை இருக்குன்னு வச்சுக்குங்க. சார்ஜ் போடுறதுன்னா, கரண்டு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டுப் போயி அக்கரையில எறக்குது. பாட்டுப் போட்டா ஒவ்வொருத்தரா இக்கரைக்கு வந்துருவாங்க. வர்றப்பதான் செட்டு பாடும். எல்லாரும் வந்து சேந்துட்டா மறுபடி தள்ளணும்.”

“நம்ம கடை செல்லு?” என்று கேட்டார் எதிர்வீட்டுப் பெட்டிக்கடை செல்லையன்.

“அதுல வந்தது வந்ததுதான். திருப்பி அனுப்ப முடியாது. குப்பை.”

இந்த விளக்கம் துபாய்க் கடையில் ஒரு மலையாளி சொல்ல, விளக்குமாறும் கையுமாக நின்று காதர் கேட்டது. மலையாளி முழுசாகத்தான் சொன்னார். பாதியில் முதலாளி கூப்பிட்டதால் காதர் மீதியைக் கேட்கவில்லை. கேட்காத பாதியில் என்ன இருந்தது என்ற யோசனை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அரைக்கிணறு தாண்டியவனுக்கு அடுத்த கரை தெரியவா போகிறது?

ராத்திரி பகல் பாராமல் சார்ஜ் ஏற்றி, நான்கு செல்லையும் பூத்துவாலையில் சுற்றி, அத்தர் சீசாக்களுக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தத் தெருவில் இது அதிசயமே இல்லை. வெளிநாட்டுச் சாமான் எந்த வீட்டுக்கு வந்தாலும் முதலில் பீரோவைத்தான் பார்க்கும். பாலிதீன் உறை பிரிக்காத கம்பளி, மூடி திறக்காத சோப்பு, ஒருநாளும் டீ ஊற்றாத ஃபிளாஸ்க். நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று எடுத்து வைப்பதுதான் அங்கே மரியாதை. காதர் சார்ஜையும் எடுத்து வைத்தார்.

“கல்யாணத்தன்னைக்கு கரண்டு போவும் லாத்தா. போகாம இருக்காது. அப்ப பாருங்க நம்ம செல்லோட வேலையை” என்று அக்காவிடம் சொன்னார்.

செல்லையன் ரேடியோவில் கிரிக்கெட் கேட்க ஒருநாள் அந்தச் செல்களை இரவல் கேட்டார். கிடைக்கவில்லை. நான்கு மாதத்தில் காதரே ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. அடிக்கடி தொட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்று தனக்குத்தானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்திருந்தார்.

நிக்காஹுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, துபாயிலிருந்து வந்த ஒருவர் ஜெகபர் சாதிக் பேசிப் பதிந்த கேசட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நபீசா அப்போதே போடச் சொன்னார். வீட்டில் கரண்டும் இருந்தது. காதர்தான் தடுத்தார்.

“இப்பக் கேட்டா என்ன லாத்தா ருசி? நிக்காஹ் அன்னைக்கு, புள்ளகிட்ட சம்மதம் கேக்குற நேரத்துல போடுவோம். மச்சானே வந்து நின்ன மாதிரி இருக்கும்.”

உம்மு சல்மாவுக்கு அது பிடித்துப் போயிற்று. வாப்பாவை அவள் கடைசியாகப் பார்த்து நான்கு வருஷம். “வாப்பா குரலக் கேட்டுட்டுத்தான் நான் ஊம்னு சொல்லுவேன்” என்றாள். கேசட்டும் பீரோவுக்குள் போயிற்று. தன் யோசனையை நினைத்துக் காதருக்கே பெருமை தாங்கவில்லை.

நிக்காஹ் அன்று பதினொரு மணிக்கு அவர் சொன்னபடியே கரண்டு போயிற்று. ஊரில் அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அல்லா பிச்சையும் இரண்டு சாட்சிகளும் சம்மதம் கேட்க மணப்பெண் அறை வாசலுக்கு வந்தார்கள். வெளியே பந்தலில் மாப்பிள்ளை காத்திருந்தார். காதர் செல்களைப் போட்டு, பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

செட்டு அசையவில்லை. செல்லைத் திருப்பிப் போட்டார். சட்டையில் துடைத்துப் போட்டார். 

“என்ன தம்பி, காயில் போச்சா?” என்றார் அல்லா பிச்சை.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உம்மு சல்மா சிரிக்கவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து, “நான் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன் மாமா” என்றாள். நிக்காஹ் ஓத வந்திருந்த ஹஜ்ரத் வெளியே இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். மானம் கப்பலேறுவதைக் காதர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

பந்தலில் உட்கார்ந்திருந்த செல்லையன் விஷயம் கேட்டு எழுந்து போய், தன் கடையிலிருந்து நான்கு செல்லை வேட்டியில் துடைத்துக்கொண்டே கொண்டுவந்தார்.

“குப்பைதான் பாய். இருந்தாலும் போட்டுப் பாருங்க.”

போட்டதும் ஓடியது. ஜெகபர் சாதிக்கின் குரல் ஸலாம் சொன்னது. நபீசா அப்போதே அழத் தொடங்கிவிட்டார். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நலம் விசாரித்தபின் குரல் காதரிடம் வந்தது.

“காதரு, அந்த செல்லுகள பெட்டியில வச்சுப் பூட்டிப்புடாதே. நீ பூட்டிருப்பே, எனக்குத் தெரியும். சும்மா கெடந்தாலே சார்ஜ் தன்னால எறங்கிப் போயிரும். ரெண்டு மூணு மாசத்துல ஒண்ணுமே இருக்காது. தெனம் பாட்டுக் கேளு, மறுபடி சார்ஜ் போடு.”

அறையே குலுங்கிச் சிரித்தது. சாட்சிகள் சிரித்தார்கள், அழுதுகொண்டிருந்த நபீசா சிரித்தார். காதர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மலையாளி சொன்ன மீதிப் பாதி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

சிரிப்பில் அடுத்த பேச்சு பாதி மறைந்தது. உம்மு சல்மா கையைத் தூக்கினாள், அறை அடங்கியது.

“...முதலாளி மனசு எறங்கிட்டாரு. இந்த மாசக் கடைசியில எனக்கு லீவு. நிக்காஹ ஒரு பத்து நாள் மட்டும் தள்ளி வைங்க, நான் வந்து எம்புள்ளய என் கையால குடுக்குறேன். இதக் கேட்ட உடனே ஒரு தந்தி அடிங்க. பத்தாந்தேதி வரைக்கும் பாப்பேன். தந்தி வரலன்னா தள்ள முடியலைன்னு புரிஞ்சுக்குவேன். லீவ வேற ஒருத்தருக்கு விட்டுக் குடுத்துருவேன், அவருக்கும் வீட்டுல விசேஷம்.”

அன்று தேதி இருபத்திரண்டு.

யாரும் காதரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.  நபீசா தம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். 

 உம்மு சல்மா, “முதல்லேருந்து ஒருக்கா போடுங்க மாமா” என்றாள். போட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் அவள் பெரியவாப்பா அல்லா பிச்சையைப் பார்த்து, “ஊம்” என்றாள்.

மறுநாள் காலை காதர் பாட்சா தபால் ஆபீசில் தந்தி ஜன்னல் முன்னால் நின்றார். உள்ளே தையல்நாயகி அம்மாள் தந்தி ஃபாரத்தை நீட்டி, “துபாய்க்குங்களா? என்ன சேதி?” என்று கேட்டார்.

“கல்யாணம் முடிஞ்சுதுன்னு.”

“நல்ல சேதிதான். உள்ளூருக்குன்னா வாழ்த்துக்கெல்லாம் நம்பர் இருக்கு பாய், நம்பரச் சொன்னாப் போதும், வாசகம் தன்னால போயிரும்.”

காதர் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே, “மன்னிப்புக் கேக்குறதுக்கு ஏதும் நம்பர் இருக்கா?” என்றார்.

அம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“அதுக்கு இல்லைங்க. அத நீங்களேதான் எழுதணும்.”