கோளாறில்லாத ரீங்காரம்

லிஃப்ட் மெக்கானிக்கின் காதுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. எங்கே எது முனகினாலும் அவர் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். வேலை செய்யும் இடத்தில் அதற்கு நல்ல பெயர். வீட்டில் அதுவே வினை. போன ஞாயிற்றுக்கிழமை மனைவி ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஆபீஸ் கதையைச் சொல்ல வாயெடுத்தாள். மனுஷன் பாதியில் எழுந்துபோய் மிக்சியைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை உங்க கையில ஸ்க்ரூ டிரைவரைப் பாத்தேன், எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நட்டு போல்ட்டோட குடும்பம் நடத்துங்க!" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வேலை. நாலாவது மாடியை நெருங்கும்போதெல்லாம் லிஃப்டில் ஒரு மெல்லிய ரீங்காரம். யாரையும் ஏறவிடாமல் நிறுத்திவைத்து மோட்டாரைத் திறந்தார், கம்பிக்கயிற்றைத் தடவிப் பார்த்தார், எண்ணெய் விட்டார். காய்கறிப் பையோடு படியேறியவர்கள் அவரை வாய் நிறைய 'வாழ்த்திக்கொண்டே' போனார்கள். ரீங்காரம் மட்டும் மசியவில்லை. வெறுத்துப்போய் லிஃப்டின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு நாலாவது மாடிக்கு வந்தார். அப்போதும் கேட்டது!

சத்தம் வந்த வீட்டின் கதவைத் தட்டினார். காதோரம் பேனா செருகிய ஒரு பெண் திறந்தாள்.

"உங்க வீட்டுல ஏதோ மோட்டார் ரிப்பேருங்க."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அது இசைங்க! ரெண்டு பேர் சேர்ந்து பண்றது. ஒருத்தர் ஃபேன், குழாய், மழைன்னு சத்தத்தைப் பதிவு பண்ணிட்டு வருவார். இன்னொருத்தர் அதை சிந்தசைசர்ல போட்டு நீட்டி நீட்டி விடுவார். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. இது ஓடினாத்தான் பேனாவே நகரும்."

"யாரும் பாடலையே?"

"பாட மாட்டாங்க. கொஞ்சம் நின்னு கேளுங்களேன்."

எண்ணெய்க் கையோடு வாசலிலேயே நின்றார். பழக்கதோஷத்தில், எங்கே இடறுகிறது என்றுதான் முதலில் காது தேடியது. ஒரு ரீங்காரம் மெதுவாக எழுந்தது. இன்னொன்று அடியில் வந்து அதைத் தாங்கிக்கொண்டது. இரண்டுக்கும் ஓர் அவசரமும் இல்லை. இடறும் இடறும் என்று காத்திருந்தார், இடறவே இல்லை. காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள் தானாகத் தளர்ந்தது. சரிசெய்ய ஒன்றுமே இல்லாத ஒரு சத்தம்! மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. போகும்போது அந்த இருவரின் பெயரைக் கேட்டு, அந்த இசையைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை ஓடவிட்டார்.

"என்னங்க இது, கொசுக் கூட்டமா?" என்றாள் மனைவி.

"சும்மா கேளு."

கேட்டாள். கொஞ்ச நேரத்தில் காலை நீட்டி அவர் மடியில் போட்டுக்கொண்டு, போன வாரம் பாதியில் நின்ற கதையை எடுத்தாள். புது மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளை மட்டம் தட்டப்போய், தானே மூக்குடைபட்ட கதை. அது சூடு பிடிக்கிற நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு கடகடப்பு. அவள் சட்டென்று நிறுத்தி அவர் கையைப் பார்த்தாள்.

"பாட்டுல வருது" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. அது நம்ம ஃபிரிட்ஜ்."

"தெரியும்" என்றார், அவள் பாதத்தைப் பிடித்துவிட்டபடி. "நீ சொல்லு. அப்புறம் அந்த மேனேஜர் என்ன பண்ணினான்?"