பெண் கொடுக்கப் போன இடத்தில் விட்ட கொட்டாவி

மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் நான் கொட்டாவி விட்டேன். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. தான் கொடி காட்டிய ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பதாவது ஸ்டேஷனில் என் வாய் என்னைக் கேட்காமல், உள்நாக்கு தெரியத் திறந்துகொண்டது.

"மானத்த வாங்காதீங்க," என்று மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

அதற்குள் கொட்டாவி கார்டின் மனைவியைத் தொற்றி, மாப்பிள்ளையைத் தாண்டி, ஜன்னல் புறா வரைக்கும் போய்விட்டது. சுவர்க் கடிகாரமும் ஒன்று விட்டுவிட்டு நின்றுபோனது. நாற்காலிகள் மெல்ல ஆடின. வீடே தண்டவாளத்தில் ஊர்ந்தது. வெளியே மரங்கள் பின்னால் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"போச்சு! உங்க வாயால பொண்ணு கல்யாணமே போச்சு," என்று என் மனைவி விசும்பினாள்.

கார்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்.

"வேலைய விட்டு ஏழு வருஷமாச்சு. ஆடாத கட்டில்ல எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வந்ததில்ல," என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, கல்யாணத் தேதிய நீங்களே குறிங்க. ஆனா வாராவாரம் வந்து ஒரு கொட்டாவி விட்டுட்டுப் போகணும்."