ஐயாவு வயல் மலை

2019ஆம் வருஷம் ஐப்பசி மாதம், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே தென்கரைவெளி என்ற கடைமடை ஊரில், ஐயாவுவின் ஒன்றேகால் ஏக்கர் சம்பா வயலில் ஒரு மலை முளைத்தது. முதல் நாள் புற்று அளவு இருந்தது, நான்காம் நாள் வைக்கோல் போர் அளவு. தை பிறந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு அடி. உச்சியில் இடிந்த கோட்டை ஒன்று, இடுப்பில் படகு விடுகிற ஏரி ஒன்று, அடிவாரத்தில் குகைகள் மூன்று. வரப்பை ஒரு சாண்கூட அது தாண்டவில்லை. கீழே சுற்றி நடந்தால் அதே ஒன்றேகால் ஏக்கர்தான். மேலே ஏறினால் கோட்டையைச் சுற்றிவரவே அரை நாள் ஆகும். அந்த வருஷம் ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள், உளுந்து விதை கிடைக்கவில்லை, மலை வந்தது. எங்கள் ஊரில் அந்த வருஷத்துச் செய்தி இவ்வளவுதான்.

மலை வந்ததற்குக் காரணம் ஐயாவுவின் மனைவி அம்சம். அவர்களுக்கு ஒரே பிள்ளை, வளவன். இருபத்தாறு வயது. திருத்துறைப்பூண்டி ஜாஃபர் சாதிக்கின் சுற்றுலா வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தப் புரட்டாசியில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேற்கே கோட்டைமுடி என்கிற மலை ஊருக்குப் போனான். காலையில் கோட்டை, மத்தியானம் ஏரி, சாயங்காலம் குகை. எல்லா வேன்காரர்களும் சுற்றிக்காட்டுகிற வரிசைதான். மூன்றாவது குகையில் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்த ஓர் அம்மாள் வேனில் உட்கார்ந்து புலம்ப, வளவன் "ரெண்டே நிமிஷம், எடுத்துட்டு வந்துடுறேன்" என்று செல்போன் வெளிச்சத்தில் உள்ளே போனான். திரும்பி வரவில்லை. குகை மொத்தமே நாற்பத்தெட்டு அடி, அதற்கப்புறம் பாறை. ஒளிவதற்குப் பொந்துகூடக் கிடையாது. பதினோரு நாள் தேடினார்கள். ஜாஃபர் சாதிக் பதினோரு நாளும் அங்கேயே கிடந்து, பாறையைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்து, விரல் வீங்கிப்போய் ஊர் திரும்பினார்.

குலசாமி தொலைவில் இருந்தால் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து இங்கே வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மண்ணோடு சாமியும் வந்துவிடும், பழைய இடத்திலும் இருக்கும். சாமி வரும்போது பிள்ளை ஏன் வராது என்று அம்சம் நினைத்தாள். பெற்றவள் அப்படித்தான் நினைப்பாள், இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? குகை வாசலில் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று பஸ் மாறி வந்து, வயலின் ஈசான மூலையில் வைத்து, "வந்துடு, வந்துடு" என்று கதறினாள். பிடிமண் வைக்கும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அழுகையில் அவள் பேரைச் சொல்ல மறந்துபோனாள். யாரை என்று சொல்லாததால் எல்லாமே வந்தன. கோட்டை வந்தது, ஏரி வந்தது, ஏரியில் எண் போட்ட எட்டு மிதிபடகுகள் வந்தன, முப்பது குரங்குகள் வந்தன. ஜாஃபர் சாதிக் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கோட்டைமுடி மலையும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது என்றார்.

மலை உயர உயர நட்ட பயிரும் கூடவே மேலே போனது. மாசியில் ஐயாவு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சரிவில் தொங்கித்தான் அறுத்தார். பக்கத்து வயல்காரர் பஞ்சநதம், "யோவ், ஒம் மலை நெழலு எம் பயிர்ல வுழுவுது, கொஞ்சம் நவத்தி வைக்கக் கூடாதா?" என்று சண்டைக்கு வந்தவர், மலையை அண்ணாந்து பார்த்ததும் அடங்கிப்போய் ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போனார். பயிர் விவரம் எழுதுகிற அடங்கல் பதிவேட்டில் மலைக்கு இடம் இல்லை. அதனால் நஞ்சை, சம்பா, சாகுபடியாளர் ஐயாவு என்றே எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். வேதாரண்யம் போகிற வண்டியெல்லாம் இங்கே திரும்பியது. பஜ்ஜிக்கடை வந்தது, குதிரை வந்தது, வெயில் ஊரில் கம்பளிக்குல்லாய் விற்பனை வந்தது. ஏரியில் அவ்வளவு தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்க, வாய்க்காலுக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. என்னத்தைச் சொல்ல! காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று நாங்கள் மறியல் செய்த அதே சாலையில்தான் படகு சவாரிக்காரர்கள் ஆரன் அடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்சத்துக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. மலை தரைக்கு மேல் தலை காட்டிய நாளிலிருந்து அவள் மூன்றாவது குகைக்காகத்தான் காத்திருந்தாள். தை நாலாம் தேதி அதன் வாய் முழுதாகத் திறந்தது. உள்ளே வளவன் இருந்தான். வாசலிலிருந்து நாற்பது அடி தள்ளி, வெளியே வருகிற முகமாக, ஒரு கையில் செல்போன் வெளிச்சம், இன்னொரு கையில் அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடி, ஒரு கால் தூக்கியபடி. செத்தவன் மாதிரி இல்லை. நெற்றியில் வேர்வை இருந்தது. அம்சம் உள்ளே பாய, ஐயாவு இழுத்துப் பிடித்தார். அந்த இழுபறியில் அவள் கையிலிருந்த கடலைப் பொட்டலம் உள்ளே விழப்போக, ஒரு குரங்கு அதன்மேல் தாவியது. கடலையும் குரங்கும் அப்படியே அந்தரத்தில் நின்றன. இன்றைக்கும் நிற்கின்றன, ஆனால் கொஞ்சம் கீழே.

எங்கள் ஊர்க்காரர், நில அளவை சர்வேயர் அறிவுச்செல்வன், கருவியை வாசலில் நிறுத்தி வாரக்கணக்கில் அளந்தார். மூங்கில் கழியை நீட்டி இழுத்துப் பார்த்தார்கள். வாசலைத் தாண்டிய பகுதி இழுத்த வேகத்துக்கு வரவில்லை, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தும் மாதத்துக்கு ஒரு விரற்கடைதான் வந்தது. குகைக்குள் நேரம் வேறு. அவன் நடந்து வந்துகொண்டுதான் இருக்கிறான், அவன் நடை அவனுக்குச் சாதாரண நடை. அறிவுச்செல்வன் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, யாரும் தாண்ட வேண்டாம் என்று எழுதிவைத்தார்.

"வருஷத்துக்கு ஒரு அடிதான்க்கா. நாப்பது அடி இருக்கு. ரெண்டு தடவ அளந்துட்டேன்," என்றார் அம்சத்திடம்.

"எனக்கு அம்பத்தாறு ஆவுதுப்பா."

"தெரியும்க்கா."

அவர் இன்னொன்றும் சொன்னார். நாம் போவதும் வருவதும் வளவன் கண்ணில் படாது, அவனுக்கு நாம் ஈயைவிட வேகம், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது எதுவோ அதுதான் அவனுக்குத் தெரியும் என்றார். மறுநாளிலிருந்து அம்சம் கோட்டின் ஓரத்தில் நிற்க ஆரம்பித்தாள். விடிந்தால் அதே இடம், அதே நீலச் சேலை, பொழுது சாயும்வரை. "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோல விழுறீங்க" என்று ஊர் ஊராக வந்தவர்கள் சொன்னார்கள். சிலர் அவளையும் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்றாக நினைத்துப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். அவர்களைத் திட்டித் திட்டி ஊர்க்காரர்களுக்கு வாய் வலித்தது. பங்குனியில் கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள். பஜ்ஜிக்கடை போனது, குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உலகமே முடங்கிக்கிடந்த அந்த மாதங்களில்தான் அவளால் யார் தொந்தரவும் இல்லாமல் நிற்க முடிந்தது. அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி நரம்பு புடைத்தது. அவள் நின்ற வாக்கிலேயே ஐயாவு கஞ்சி ஊட்டினார். அடுத்த பங்குனியில் வளவனின் புருவம் ஒரு நெல் அளவு மேலே ஏறியிருந்தது.

ஊரே போய்ப் பார்த்தது. அதற்கடுத்த வருஷம் உதட்டோரம் விரிய ஆரம்பித்தது. பார்த்துவிட்டான்! அம்மா இங்கே எப்படி வந்தாள் என்று அவனுக்கு ஆச்சரியம், அவ்வளவுதான். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டபோது அம்சம் மட்டும் வீட்டுக்கு வந்து, சமையற்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். 2022 புரட்டாசி, குறுவை அறுப்பு முடிந்த வாரம் அது.

"அவன் சிரிக்க ஆரம்பிச்சிட்டான்ங்க," என்றாள் ஐயாவுவிடம். "எனக்கு இன்னும் எத்தன வருஷம்? பத்தா, பதினஞ்சா? நான் செத்தா அவன் கண்ணெதிர்லயே காணாமப் போயிடுவேன். சிரிச்ச சிரிப்பு முடியறதுக்குள்ள அம்மா நின்ன எடம் வெறிச்சுனு கெடக்கும். எம்புள்ளைக்கு அத நான் செய்யமாட்டேங்க. நான் உள்ள போறேன்."

ஐயாவு கையிலிருந்த வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார்.

"நீங்களும் வாங்க. மூணு பேருமா வெளிய வருவோம்."

"நானும் வந்துட்டா அடங்கல்ல யாரு பேரு இருக்கும்? தரிசுன்னு எழுதிடுவான். நெலம் கைமாறிடும். எவனாவது கம்பிக் கதவு போட்டு வாசலப் பூட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எங்கேர்ந்து வெளிய வர்றது?"

"நாப்பது வருஷத்துக்கு நீங்க காவல் இருக்கப்போறீங்களா?"

"ஆனமட்டும் இருக்கேன். அப்புறத்த அப்புறம் பாத்துக்கலாம், நீ போ." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போறப்ப திரும்பிப் பாக்காத அம்சம். ஒருவாட்டி திரும்பினா இங்க ரெண்டு வருஷம் போயிடும். அவனப் பாத்துக்கிட்டே போ."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்சம் நீலச் சேலையோடு, ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். காலையிலிருந்து பிள்ளை ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்றாள். 2019இன் காலை அது. தூக்குவாளி மூடியோரத்தில் அப்போது எழுந்த ஆவி இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். ஐயாவு வாசலில் நிற்கவில்லை. நேரே சரிவுக்கு ஏறி, நாற்று முடியைப் பிரித்து, ஒரு பாய் அகலத்துக்கு சம்பா நட்டார். அடங்கலில் எழுத அது போதும். அதிலிருந்து ஒரு போகம் தவறாமல் நட்டார். வீட்டில் தனக்கு மட்டும் உலை வைத்துக்கொண்டார். நெஞ்சு வலி என்று ஒருமுறை எங்கள் ஊர் ஆட்டோக்காரன் தமிழரசன் வண்டியில் ஏற்றித் திருவாரூர் கொண்டுபோனான். வேலையைக் குறைக்கவேண்டும், ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். குகைப் பக்கம் மட்டும் அவர் அதிகம் போகவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்னத்துக்கு என்பார்.

2025 தையில் அறிவுச்செல்வன் வழக்கம்போல் அளக்க வந்தார். அம்சத்தின் முதல் அடி இன்னும் முழுதாகத் தரையில் பதியவில்லை. வளவன் ஐந்தடி வந்திருந்தான், பல் தெரிந்தது. கருவியை மடக்கப்போனவர் மறுபடியும் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு வரப்பெல்லாம் மிதித்துக்கொண்டு ஐயாவுவிடம் ஓடினார்.

"மாமா, அக்கா கழுத்து நகர்ந்திருக்கு. எடது பக்கமா. திரும்பிப் பாக்கறாங்க மாமா."

"சொன்னனே!" என்று ஐயாவு கத்தினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னனே, கேக்குறாளா பாரு! ரெண்டு வருஷத்த இப்படிப் பாழாக்குறாளே, இவளுக்கு அறிவிருக்கா?" கத்திக்கொண்டே வாய்க்கால் தலைப்பில் உட்கார்ந்தவர், துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோட்டின் ஓரத்தில் போய் நின்றார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினோம். "அவ திரும்பறப்ப யாருமில்லாமக் கெடந்தா?" என்றார். அந்தப் போகம் சரிவில் இருந்த பயிரைப் பஞ்சநதமே ஆள் விட்டு அறுத்துக் கொடுத்தார். சுற்றுலாக்காரர்கள் இப்போது ஐயாவுவைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். இதுவரை அம்சத்தின் காதுத் தோடும் கன்னத்தில் பாதியும் தெரிகின்றன. முகம் முழுதாகத் திரும்ப இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும் என்கிறார் சர்வேயர். காலையில் ஜாஃபர் சாதிக் வந்து ஐயாவுவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போகிறார்.